பெடலில் கட்டிய துணி

விடியற்காலை நாலரை மணிக்கே துரைராஜின் கிணற்றடியில் மோட்டார் உறுமத் தொடங்கிவிடும். ராஜகீழ்ப்பாக்கம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே கால் மைல் தூரம். அவருடைய அப்பா காலத்தில் அந்தக் கிணறு நெல்லுக்கு இறைத்தது. துரைராஜ் தலையெடுத்த பிறகு வயலெல்லாம் மனையாகி விலைபோனது. கிணற்றை மட்டும் அவர் விற்கவில்லை. அதிலிருந்த தண்ணீரை விற்றார். நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும், தண்ணீரைத் தினமும் விற்கலாம் என்ற ஞானம் தாம்பரம் வட்டாரத்தில் முதலில் உதித்த மண்டைகளில் அவருடையதும் ஒன்று.

மொத்தம் ஏழு டேங்கர் லாரிகள். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கோடை. சேலையூர், செம்பாக்கம், கேம்ப் ரோடு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் புது வீடு, புது அடுக்குமாடி. குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். லாரிகளுக்கு ஓய்வு ஏது? டேங்குக்குள் தண்ணீர் விழும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. அந்த இரைச்சலுக்குக் கீழே, சேற்றில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொண்டு, வண்டிக்கு வண்டி நகர்ந்துகொண்டிருப்பான் ஜெயவேலு. ஏழு வண்டிக்கும் அவன் ஒருவன்தான் மெக்கானிக். மேலேயிருந்து ஒழுகும் தண்ணீரும் கிரீஸும் கலந்து காது வழியாக இறங்கும். துடைக்கக் கை இருக்காது.

அவனுடைய முதல் வேலை பிரேக். சக்கரத்துக்குள் ஓர் இரும்பு டிரம் சுற்றுகிறது. டிரைவர் பெடலை மிதித்தால் உள்ளே இரண்டு பிரேக் கட்டைகள் விரிந்து அந்த டிரம்மைப் பிடிக்கும். கட்டையின் மேல் ரிவிட் ஆணி அடித்துப் பதித்திருக்கும் லைனிங்தான் அந்தப் பிடி. மிதிக்க மிதிக்க அது தேயும். தேயத் தேயப் பெடல் இறங்கிப்போகும், வண்டி தள்ளிப்போய் நிற்கும். அச்சுப் பக்கத்தில் இருக்கும் ஒரு திருகை ஸ்பானர் போட்டுத் திருப்பினால் கட்டை டிரம்மை நெருங்கிவரும், பிரேக் பழையபடி பிடிக்கும். டைட் வைப்பது என்பார்கள். லைனிங் இருக்கிறவரைக்கும் அது வைத்தியம். லைனிங் தீர்ந்த பிறகு அது வெறும் ஏமாற்று.

அந்த ஷெட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விடுகிற டிரைவர், பிரேக் சரியில்லை என்றால், பெடலில் ஒரு கந்தல் துணியைக் கட்டிவிட்டுப் போவான். துணி கட்டிய வண்டியில் எவனும் ஏற மாட்டான். மறுநாள் விடியலில் ஜெயவேலு வேலையைப் பார்த்துவிட்டு, அவன் கையாலேயே அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். முதலாளியே வந்தாலும் அவிழ்ப்பதில்லை. யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. படித்தவன் பாதிப் பேர், படிக்காதவன் பாதிப் பேர் இருக்கிற இடத்தில் துணியைவிடத் தெளிவான எழுத்து எது?

டிரைவர் அந்தோணிசாமியின் வண்டியில் அன்றைக்குத் துணி இருந்தது. அன்றைக்கு மட்டுமல்ல, தொடர்ந்து பதினோரு நாளாக இருந்தது.

"மச்சான், நேத்து மூணு வாட்டி மெதிச்சப்பறந்தான் நின்னுச்சி," என்றான் அந்தோணிசாமி, வண்டிக்கடியில் குனிந்து. அவன் டீ டம்ளரை மண்ணில் வைத்துவிட்டு ஜெயவேலுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் பத்து வருஷப் பழக்கம்.

ஜெயவேலு ஸ்பானரைத் திருப்பினான். கால் சுற்று போனது. அப்புறம் அசையவில்லை. உடம்பையெல்லாம் கொடுத்து அழுத்தினான். இன்னும் ஒரு நூல் நகர்ந்தது.

"இதுக்கு மேல திருப்ப எடமில்ல அந்தோணி."

"அப்ப இன்னா பண்ணட்டும்? போவலன்னு சொல்லிடவா?"

ஜெயவேலு ஸ்பானரை உருவி எடுத்தான். போன வாரம் இதே வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றி, கட்டையைத் தோளில் சுமந்துகொண்டுபோய் முதலாளியின் மேஜைமேல் வைத்தது அவனுக்கு நினைவு வந்தது.

"மொதலாளி, நகத்த வெச்சிப் பாருங்க. ஆணித் தலைக்கு மேல நகக்கண்ணு அளவுக்காச்சும் லைனிங் இருக்கணும். இங்க ஆணியே பளபளங்குது."

"ரெண்டு மாசம் முன்னாடிதானேடா மாத்தின?" என்றார் துரைராஜ். விபூதி வாசனையோடு அப்போதுதான் பூஜையறையிலிருந்து வந்திருந்தார்.

"அது ஒடைக்கப் போட்ட வண்டியிலேர்ந்து உரிச்சி நீங்க வாங்கியாந்த பழைய லைனிங். சூடு ஏறுனா கண்ணாடியாட்டம் ஆயிடுது, புடிக்க மாட்டேங்குது. புது லைனிங் வாங்கிக் குடுங்க. ஒரு சக்கரத்துக்கு மட்டும் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அச்சுக்கு ரெண்டு பக்கமும் போடணும். டிரம்மயும் கடைசல் புடிக்கணும்."

"நீ மெக்கானிக்கா, லைனிங் கம்பெனி ஏஜெண்டா?"

"மொதலாளி..."

"கட்ட தேயத்தான்டா செய்யும். செருப்பு தேயல? தேஞ்ச செருப்ப போட்டுக்கினு நாம நடக்கல? சீசன் முடியட்டும், ஆடியில வண்டிய நிறுத்தி எல்லாத்துக்கும் பண்ணிடலாம். இப்ப ஒரு வண்டி ஒரு நாள் நின்னா எத்தினி வூட்டுல சனங்க தவிப்பாங்க தெரியுமா? நாம பண்றது புண்ணியம்டா. நீ டைட் வெச்சி அனுப்பு. உன் கைராசி வேற எவனுக்கு வரும்?"

புண்ணியம் செய்கிறவர்தான். தினமும் காலையில் வண்டிக்கு நாலு எலுமிச்சம்பழம், சக்கரத்துக்கு ஒன்றாக, தம் கையாலேயே வைப்பார். ஒரு நாள் தவறியதில்லை. பழம் நசுங்கித் திருஷ்டி கழியும். லைனிங் விஷயத்தில்தான் அந்தப் பக்தி எட்டவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கைராசி என்ற வார்த்தை ஜெயவேலுவுக்கு இனித்தது. வேறு எந்த மெக்கானிக்கும் நிறுத்த முடியாத வண்டியைத் தன்னால் நிறுத்திக் காட்ட முடியும் என்ற கர்வம் அவனுக்குள்ளும் இருந்தது. அந்தக் கர்வத்தின்மேல்தான் ஏழு வண்டியும் ஓடிக்கொண்டிருந்தன.

"மெதுவா ஓட்டு," என்றான் இப்போது அந்தோணிசாமியிடம். "ஏரிக்கரை எறக்கத்துல செகண்ட் கியர்லயே வுடு."

அவன் எழுந்து, கேபினுக்குள் கையை விட்டு, பெடலில் இருந்த துணியை அவிழ்த்தான்.

பத்து மணிக்குச் செய்தி வந்தது. குப்பன் கொண்டுவந்தான். ஷெட்டிலேயே மூத்த டிரைவர் அவன். வண்டியை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டு, "ஜெயவேலு, அந்தோணி வண்டி பூடுச்சிடா," என்று சொல்லிவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

கேம்ப் ரோட்டு அடுக்குமாடியில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, மீதிப் பாதியை ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோயிருக்கிறான் அந்தோணிசாமி. ஒரே லோடை இரண்டு இடத்தில் பிரித்து இறக்குவது முதலாளியின் ஏற்பாடு. முழு டேங்கைவிடப் பாதி டேங்க்தான் எமன். பிரேக்கை மிதித்தால் உள்ளே தண்ணீர் மொத்தமும் முன்னால் வந்து மோதி வண்டியைத் தள்ளும். செகண்ட் கியரில்தான் இறங்கியிருக்கிறான். குறுக்கே ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. மிதித்திருக்கிறான். பெடல் போனது, வண்டி நிற்கவில்லை. இறக்கத்தின் அடியில் தெருப் பம்பைச் சுற்றி இருபது பெண்கள் லாரிக்காகக் குடத்தோடு நின்றிருந்தார்கள். ஸ்டியரிங்கை ஒடித்து ஏரிப் பக்கம் விட்டான். வண்டி கரையோரப் பனைமரத்தில் மோதி நின்றது. பெடலில் இருந்த வலது கால் பெடலோடு நசுங்கியது.

ஜெயவேலு ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்தோணிசாமியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கிழிந்த டேங்கிலிருந்து தண்ணீர் வறண்ட ஏரிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்களில் சிலர் அதைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டேதான் பிடித்தார்கள். யாரைக் குறை சொல்வது? நாலு நாளாக அந்தப் பம்பில் தண்ணீர் வரவில்லை.

மறுநாள் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் அந்தோணிசாமிக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டில் காலடியில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தோணிசாமி மயக்கத்தில் இருந்தான். வெளியே வராந்தாவில் அவன் மனைவி அருள்மேரி ஜெயவேலுவின் எதிரே வந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

"வேகமா ஓட்டிக்கினு வந்தாருன்னு எழுதிக்கினு போயிட்டாங்க அண்ணா. லைசென்ஸ புடுங்கிடுவாங்களாம். கால் ஆறுனதும் ஜெயிலாம். ஒத்தக் காலோட ஜெயிலுக்குப் போவாராண்ணா?"

ஜெயவேலு சுவரைப் பார்த்தான்.

"நீங்கதான அண்ணா பிரேக் பாக்கறது? பிரேக் நல்லாத்தான இருந்துச்சி?"

அவனால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இல்லை என்றால், பிறகு ஏன் அனுப்பினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அவள் கேட்காவிட்டாலும் வரும். "வரேம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

மோதிய வண்டியை நிறுத்த போலீஸ் ஸ்டேஷனில் இடமில்லையாம். துரைராஜ் பேசி, கட்டி இழுத்து, தம் ஷெட்டிலேயே கொண்டுவந்து போட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் அம்பாசிடர் கார் வந்து நின்றது. அவரே பின்கதவைத் திறந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து ஜெயவேலுவின் காலடியில் வைத்தார். சீல் உடைக்காத புதுப் பெட்டி. மேலே அச்சடித்த எழுத்து. வழவழப்பான காகித வாசனை.

"லைனிங்," என்றார். "கம்பெனி லைனிங். நாலு சக்கரத்துக்கும் வாங்கியாந்துட்டேன். நீ கேட்டதுதான்."

ஜெயவேலு பெட்டியைப் பார்த்தான். எத்தனை நாள் கேட்ட பெட்டி! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான் என்று முதலில் நினைத்தான். மற்ற வண்டிகளுக்காவது மாட்டலாம் என்றும் ஓர் ஆசை எழுந்தது.

"எந்த வண்டிக்கு மொதலாளி?"

"அந்தோணி வண்டிக்கு."

"அது நசுங்கிக் கெடக்குதே. அதுக்கு எதுக்கு?"

துரைராஜ் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குப் பத்து மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வராரு. வண்டி எப்படி இருந்துச்சின்னு பாத்து ரிப்போர்ட் எழுதுவாரு. சக்கரத்தக் கழட்டச் சொன்னாருன்னு வை, உள்ள நல்ல லைனிங் இருக்கணும். அவ்ளோதான்."

"அப்ப தப்பு அந்தோணி மேல போவுமே?"

"போவட்டுமேடா. அவன் ஓட்டினான், அவன் இடிச்சான். அவன் பொண்டாட்டி புள்ளைங்கள நான் உட்டுடுவனா? மாசா மாசம் எதனா பண்ணுவேன்."

"அவன் ஜெயிலுக்குப் போவான் மொதலாளி."

"அப்ப நீ போறியா?" துரைராஜின் முகத்தில் கோபமே இல்லை. மடை கட்டி வாய்க்கால் திருப்புகிறவரின் நிதானம்தான் இருந்தது. "பிரேக் இல்லன்னு எழுதினாருன்னு வை, அடுத்த கேள்வி யாரு பிரேக் பாத்ததுன்னுதான் வரும். அன்னிக்குக் காலையில டைட் வெச்சது யாரு? துணிய அவுத்தது யாரு? நானா? நான் பழம்தான்டா வெச்சேன்."

துரைராஜ் கார் கதவில் கை வைத்தார்.

"யோசன பண்ணு. நீ குந்திக்கினு கீற வூடும் என் வூடுதான். நான் வண்டலூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போறேன். காலையில வரேன். முடிச்சி வை."

கார் போய்விட்டது. ஜெயவேலு பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தான். பிறகு ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனான். வேறென்ன செய்வான்? அவன் மாட்டாவிட்டால் கூட்டுரோட்டிலிருந்து ஒருவன் வந்து மாட்டுவான். ஒரு ராத்திரிக்குள் முடிகிற வேலை. கை தன் பழக்கத்தில் வேலை செய்தது. வண்டியைத் தூக்கினான், போல்ட்டுகளைக் கழற்றினான், சக்கரத்தை உருட்டி வைத்தான். டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்தான். கருகிய தூசி குப்பென்று முகத்தில் அடித்தது.

டிரம்மின் உட்புறம் ஏர் உழுத நிலம் போலக் கோடு கோடாக அறுபட்டிருந்தது. ஆணிகள் உழுத கோடு. கட்டையில் லைனிங் என்று சொல்ல ஒன்றுமில்லை, கண்ணாடிபோல் மினுங்கும் ஒரு தகடு மட்டும் மிச்சம். கட்டைகளை விரிக்கும் கேம், விரிக்க வேண்டிய எல்லையைத் தாண்டிப் புரண்டுகிடந்தது. லைனிங் இல்லாமல் டைட் வைத்துக்கொண்டே போனால் ஒரு நாள் கேம் இப்படித்தான் புரளும். புரண்டால் அப்புறம் பெடலை உடைய மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். அன்று காலை ஸ்பானர் அசையாமல் நின்றபோதே அவனுக்குத் தெரியும்.

அவன் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்து அழுதான். முப்பத்தெட்டு வயசு ஆண்பிள்ளை, யாரும் பார்க்கிறார்களா என்ற நினைப்பே இல்லாமல் அழுதான்.

குப்பன் பார்த்துவிட்டான். கடைசி லோடை இறக்கிவிட்டு வந்தவன், பெட்டியைப் பார்த்தான், கழற்றிய சக்கரத்தைப் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற டிரைவர்களும் ஒவ்வொருவராக வண்டியை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"மாட்டப் போறியா?" என்றான் குப்பன்.

"மாட்டலன்னா நான் உள்ள போவணும். மாட்டுனா அந்தோணி போவணும். நீயே சொல்லு."

"மாட்டாத."

"சொல்றது ஈஸி. அன்னிக்கு அவன் போவலன்னு சொல்லிடவான்னு கேட்டான். நான்தான் துணிய அவுத்தேன். எனக்குத் தெரிஞ்சே அவுத்தேன் குப்பா. அவன் கால எடுத்தது நான்."

குப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"நீ மட்டுமா? நீ அவுத்தா நாங்க ஏறிக் குந்திக்கினு போயிடறோம். எங்களுக்கு மட்டும் தெரியாதா? என் வண்டியில இந்த மாசம் எட்டு நாள் கட்டினேன். எட்டு நாளும் நீ டைட் வெச்ச, நானும் எடுத்துக்கினு போனேன். லைனிங் மாத்துனாதான் ஓட்டுவேன்னு ஒரு நாளாச்சும் சொன்னனா? இல்ல. வேல பூடும்னு பயம். உனக்கு இன்னா பயமோ எனக்கும் அதான்."

"அத்தொட்டு இப்ப இன்னா பண்றது?" என்றான் ஒருவன்.

"துணி கட்டுவோம்," என்றான் குப்பன். "எல்லாரும் கட்டுவோம். ஜெயவேலு அவுக்கக் கூடாது. அவ்ளோதான். புது லைனிங் வர்றவரைக்கும் அவுக்கக் கூடாது. இந்த வண்டியில கை வெக்கக் கூடாது. இன்ஸ்பெக்டரு வந்து உள்ளது உள்ளபடி பாக்கட்டும்."

பக்தவச்சலம் என்ற டிரைவர் பின்னால் நகர்ந்தான். "என்ன உட்டுடுங்கப்பா. போன மாசந்தான் தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணிக்கீறோம். வேல இல்லாம பூட்டா கல்யாணம் நின்னுடும்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அவனை யாரும் திட்டவில்லை. அவன் சொன்னது அவர்கள் எல்லோருடைய வயிற்றிலும் இருந்த பேச்சுதான். நாளைக்கு இதே நேரம் யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு வீடு இருக்கும் என்று அந்த ஷெட்டில் ஒருவனுக்கும் தெரியாது.

மறுநாள் விடியலில் கிணற்றடி மோட்டார் வழக்கம்போல் உறுமியது. வண்டிகள் நகரவில்லை. ஜெயவேலு சாக்கை விரிக்கவில்லை. கேபின் கேபினாகப் போய்ப் பார்த்தான். முதல் வண்டியில் சிவப்புத் துணி. அடுத்ததில் பழைய லுங்கிக் கிழிசல். அடுத்ததில் ஒரு கைக்குட்டை. ஐந்தாவது வண்டி வரைக்கும் பார்த்துவிட்டு ஆறாவதில் ஏறத் தயங்கினான். அது பக்தவச்சலத்தின் வண்டி. எட்டிப் பார்த்தான். பெடலில் துணி இருந்தது. விடிவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் வந்து கட்டியிருக்கிறான். அவனே வண்டிக்குப் பின்னால் தரையில் குந்தி, யார் முகத்தையும் பார்க்காமல் பல் குச்சியை மென்றுகொண்டிருந்தான்.

துரைராஜ் எட்டு மணிக்கு எலுமிச்சம்பழப் பையோடு வந்தார். ஆறு டிரைவர்களும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயவேலுவின் மடியில் பழைய கட்டை. புதுப் பெட்டி, சீல் உடைபடாமல், அவருடைய நாற்காலியின்மேல் இருந்தது.

"இன்னாடா இது?"

"துணி கட்டிக்கீது மொதலாளி," என்றான் குப்பன். "ஆறு வண்டியிலயும் பிரேக் இல்ல."

"ஜெயவேலு, போய் அவுத்து உடு."

ஜெயவேலு எழுந்திருக்கவில்லை. கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "லைனிங் மாத்தாம அவுக்க மாட்டேன் மொதலாளி."

"பொட்டிதான் கீதே, மாத்தேன்டா!"

"அது செத்த வண்டிக்கு வாங்கியாந்தது. ஓடற ஆறு வண்டிக்கும் வாங்கியாங்க, இன்னிக்கே மாத்த ஆரம்பிக்கறேன்."

"ஓகோ. சங்கமா?" துரைராஜ் பையைக் கீழே போட்டார். நாலு பழங்கள் சேற்றில் உருண்டன. "கூட்டுரோட்டுல கைதட்டினா நூறு டிரைவர் வருவான்டா. சாயந்தரத்துக்குள்ள உன் சாமான் தெருவுல கிடக்கும். பாக்கறியா?"

காரை எடுத்துக்கொண்டு போனவர் அரை மணியில் திரும்பினார். பின்சீட்டிலிருந்து ஒருவன் இறங்கினான். வேலையில்லாத டிரைவர், வெளுத்த காக்கிச் சட்டை, நாலு நாள் தாடி. துரைராஜ் குப்பனின் வண்டியைக் காட்டினார். அவன் ஏறி உட்கார்ந்தான். குனிந்து பெடலைப் பார்த்தான்.

"இன்னாபா இது, துணி கட்டி வெச்சிக்கீறீங்க?"

"பிரேக் இல்லன்னு அர்த்தம்," என்றான் குப்பன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"சொம்மா சொல்றான், நீ எடு!" என்றார் துரைராஜ்.

அந்த ஆள் தலையைத் திருப்பி, ஷெட் ஓரத்தில் மூக்கு நசுங்கிக் கிடந்த டேங்கரைப் பார்த்தான். கழற்றிய சக்கரத்தையும், டிரம்மில் இருந்த கோடுகளையும் பார்த்தான். கதவைத் திறந்து இறங்கிவிட்டான். "வீட்ல அடுப்பு எரிஞ்சி ரெண்டு நாளாவுது சார். அதுக்கோசரம் இதுல ஏற முடியுமா?" என்றவன், எங்கே போவது என்று தெரியாமல் நின்றுவிட்டு, வரிசையின் கடைசியில் வந்து உட்கார்ந்தான். பேர் கேட்டார்கள். பொன்னுசாமி என்றான்.

குப்பன் சொல்லியனுப்பியிருந்ததால், பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அருள்மேரி வந்தாள். அவளோடு இடுப்பில் காலிக் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். ஏரிக்கரைத் தெருக் கிளியம்மாள். "எங்க மேல ஏத்தியிருந்தா அவருக்குக் கால் மிஞ்சியிருக்கும்," என்றாள் பொதுவாக எல்லோரையும் பார்த்து. "யாரோ ஆபீசர் வராராமே. எனக்குப் பேசத் தெரியாது. பாத்தத மட்டும் சொல்றேன்." பிறகு நகராத லாரிகளைப் பார்த்தாள். "இன்னிக்கும் எங்க தெருவுக்குத் தண்ணி வராதா?" என்று கேட்டாள். அவள் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

ஜெயவேலு அருள்மேரியிடம் போனான். மூன்று நாளாகச் சொல்ல முடியாததைச் சொன்னான்.

"பிரேக் நல்லா இல்லம்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அனுப்பினேன்."

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். மன்னிப்பு என்று எதுவும் அந்த முகத்தில் இல்லை. "அத அவருகிட்ட சொல்லுங்க," என்றாள், ஜீப் வரும் திசையைக் காட்டி.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கையில் அட்டையும் பேப்பரும். துரைராஜ் பாதி வழியிலேயே போய் வணங்கி, "டிரைவர் கொஞ்சம் வேகம் சார், நம்ம வண்டிங்க எல்லாம் கண்டிஷன்தான்," என்று பேச்சைத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"யாருய்யா மெக்கானிக்?"

ஜெயவேலு எழுந்தான். கட்டையை இரண்டு கையாலும் அவர்முன் நீட்டினான். "நான்தான் சார். இது அந்த வண்டிக் கட்ட. நகத்த வெச்சிப் பாருங்க. பாத்துட்டு அப்பால என்ன இட்டுக்கினு போங்க."

"டேய்!" என்றார் துரைராஜ்.

குப்பன் எழுந்து வந்து ஜெயவேலுவின் தோளோடு தோளாக நின்றான். மற்றவர்களும் எழுந்தார்கள். "தனியா இட்டுக்கினு போனா அது நாயமில்ல சார்," என்றான் குப்பன். "பிரேக் இல்லன்னு தெரிஞ்சே ஓட்டினவங்க நாங்க. லைனிங் கேட்டுக் கெடைக்காதவங்களும் நாங்கதான். ஏழு பேரு கீறோம். ஜீப்புல எடம் கீதா பாருங்க."

"எட்டு," என்றான் பொன்னுசாமி பின்னாலிருந்து.

இன்ஸ்பெக்டர் பேப்பர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கினார். கட்டையை வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் வைத்து இழுத்தார். நகம் இறங்க இடமில்லாமல் ஆணித் தலையில் இடறியது. இன்னொரு முறை இழுத்தார். அங்கேயும் ஆணி. துரைராஜ் அவர் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கேட்கிறாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

அவர் என்ன எழுதப் போகிறார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆறு வண்டிகளின் பெடலிலும் துணி அவிழாமல் இருந்தது.